தரைக்கு மேல் அடக்கம்: அப்பாவுக்காகக் கல்லறை மாடம் வாங்கலாமா?

ஹூஸ்டன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 81 வயது ஆகிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த ஒன்பது ஆண்டுகளாக அம்மாவோடு ஹூஸ்டனில் எங்கள் வீட்டில் இருக்கிறார். உடல்நிலை நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னை உட்கார வைத்து, தம்முடைய அடக்கத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட வேண்டும் என்றார். எரிக்கக் கூடாது, ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டாம் என்று மூன்றைச் சொன்னார். மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை.

காரணத்தை அன்றுதான் சொன்னார். அவருடைய தாயார் இறந்தது கார்த்திகை மாதத்து அடைமழையில். சிமித்தேரியில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்க, மண்ணெண்ணெய் டின்னால் இரண்டு பேர் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெட்டியை இறக்கியதும் அது தலைமாட்டுப் பக்கம் எழும்பி மிதந்திருக்கிறது. குழி வெட்டியவர் மண்வெட்டிக் காம்பை மூடிமேல் ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். அப்போது அப்பாவுக்கு 19 வயது. காம்பு பலகையில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

இங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் விசாரித்தேன். மௌசோலியம் என்னும் கல்லறை மண்டபத்தைக் காட்டினார்கள். சுவர் முழுவதும் அடுக்கடுக்காக மாடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. முகப்பில் கருங்கல் பலகை. கிரிப்ட் என்கிறார்கள். காற்றோ ஈரமோ புகாமல் உள்ளே எல்லாம் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று விற்பனையாளர் உறுதி சொன்னார். இது உண்மையா? திருச்சபைக்கு ஏற்புடையதா? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பங்குக்கோயில்

திருச்சபை குறித்த கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். எந்தத் தடையும் இல்லை. அடக்கம் என்றால் மண்ணைத் தோண்டி இறக்குவது மட்டும்தான் என்று எந்த விதியும் இல்லை. ஆண்டவரின் உடலையே அரிமத்தியா ஊர் யோசேப்பு பாறையில் குடைந்த கல்லறையில்தான் வைத்தார். எரியூட்டலைத்தான் திருச்சபை நெடுங்காலம் மறுத்து, 1963இல் அனுமதித்தது. அப்போதும் உடலை அடக்கம் செய்வதே சிறந்தது என்ற பரிந்துரையைக் கைவிடவில்லை. 2016இல் வந்த உரோமை ஆவணம், சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, தூவவும் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அப்பா உடலாகவே வைக்கச் சொல்வதால் அந்தச் சிக்கலும் இல்லை. மாடத்தை மூடுமுன் குருவானவர் மந்திரித்துச் செபிப்பார். கல்லறைத் திருநாளன்று நீங்கள் மெழுகுதிரி ஏற்ற அங்கே வசதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; மண்டபத்துக்குள் தீ ஏற்றுவதைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை.

மிசிசிப்பிக்கரை

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மனைவியின் குடும்பம் நியூ ஆர்லியன்ஸில் ஐந்து தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். அவர்களுக்குத் தரைக்கு மேல் கட்டிய குடும்பக் கல்லறை ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் இறந்தபோது அதைத் திறக்கையில் நான் பக்கத்தில் நின்றேன்.

அது ஒரு சிறு வீடு போல இருக்கும். செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, சாய்வான கூரை, முகப்பில் பெயர்கள் வெட்டிய பளிங்குப் பலகை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறைகள். அவற்றுக்கும் கீழே ஒரு குழி. அந்தக் குழியைப் பிரெஞ்சுச் சொல்லால் கவோ என்கிறார்கள். கொத்தனார் முதலில் பளிங்குப் பலகையைக் கழற்றித் துணி விரித்து அதன்மேல் சாய்த்து வைத்தார். பலகைக்குப் பின்னால் இன்னொரு செங்கல் அடைப்பு இருந்தது. அதை உளியால் தட்டி, ஒவ்வொரு கல்லாக உருவி, மறுபடியும் வைப்பதற்காக ஓரமாக அடுக்கினார். உள்ளே 22 ஆண்டுகளுக்கு முன் வைத்த மாமனாரின் பெட்டி இருந்தது. பெட்டி என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. பலகைச் சிம்புகள், இரண்டு பித்தளைக் கைப்பிடிகள், எலும்புகள், ஒரு செபமாலை. மரத்தை அப்புறப்படுத்திவிட்டு, எலும்புகளை ஒரு துணிப்பையில் இட்டு, பெயர் எழுதிய அட்டையையும் செபமாலையையும் சேர்த்துக் கட்டி, கவோவுக்குள் இறக்கினார்கள். பிறகு அதே இடத்தில் மாமியாரின் பெட்டியை வைத்து, அதே செங்கற்களால் அடைத்துப் பூசினார்கள்.

இதற்கு அங்கே ஒரு பழைய விதி உண்டு. ஒருவரை வைத்து ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழியாமல் அந்த அறையைத் திறக்கக் கூடாது. லூசியானாவின் கோடை முழுவதும் ஒரு முறையாவது அந்தச் சுவரின்மேல் காய வேண்டும் என்பது அதன் பொருள். வெயிலில் உள்ளறை அடுப்புப் போலச் சுடும், உடல் விரைவாகக் கரைந்து எலும்பு மட்டும் எஞ்சும். அதற்குள் குடும்பத்தில் இன்னொருவர் இறந்துவிட்டால், சுற்றுச்சுவரில் இருக்கும் மாடங்களில் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு, காலம் வந்ததும் மாற்றுவார்கள். அந்தச் சுவர் மாடங்கள் பார்வைக்கு ரொட்டி சுடும் அடுப்புகள் போல இருப்பதால் அடுப்பு மாடம் என்றே பெயர். (இயேசு காலத்து எருசலேமிலும் குகைக் கல்லறையில் வைத்த உடலின் எலும்புகளை ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குப் பின் எடுத்துச் சிறு கல் பேழையில் இடும் வழக்கம் இருந்தது.)

நீங்கள் பார்த்த மண்டபமும் நான் சொல்லும் கல்லறையும் இரண்டும் தரைக்கு மேல்தான். ஆனால் உங்கள் விற்பனையாளர் விற்பது அழியாமல் காப்பதற்கான வாக்குறுதி. எங்கள் கல்லறை, உடல் அழிந்து இடம் விட வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது.

ஹூஸ்டன்வாசி

ஐயா, மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செபமாலையையும் சேர்த்துக் கட்டினார்கள் என்ற இடத்தில் தலையாட்டினார். ஒரு சந்தேகம். நியூ ஆர்லியன்ஸ் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், புதைத்தால் பெட்டி மிதந்து வந்துவிடும் என்பதற்காகத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பாவின் அச்சமும் அதுதானே. அப்படியானால் தரைக்கு மேல் வைத்தால் தண்ணீர்ப் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடுமா?

மிசிசிப்பிக்கரை

சுற்றுலா வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் காரணம் அது. அதில் பாதிதான் உண்மை. அந்த நகரத்தின் முதல் கல்லறைத் தோட்டத்தில் மண்ணில்தான் புதைத்தார்கள். அது நிரம்பியதால் 1789இல் தொடங்கிய முதலாம் செயின்ட் லூயிஸ் தோட்டத்திலும் ஆரம்பத்தில் மண்ணில் புதைத்ததுதான் அதிகம். ஹோல்ட் என்னும் ஏழைகளின் தோட்டத்தில் இன்றும் மண்ணில்தான் அடக்கம் நடக்கிறது. மேலே கட்டும் வழக்கம் பிரான்சு, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வந்தது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இன்றைக்கும் சுவர் மாட அடக்கம் சாதாரணம். நகருக்குள் இடம் குறைவு, சாவு அதிகம். 1853ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் மட்டும் 8,000 பேரளவில் இறந்தார்கள். ஒரே கல்லறையில் தலைமுறை தலைமுறையாக வைக்க முடிந்ததால்தான் அந்தச் சிறு தோட்டங்கள் தாங்கின.

தண்ணீர் தீர்ந்துவிடுமா என்றால், கட்டடத்தைப் பொறுத்தது. 2005இல் கத்ரீனா புயலின்போது தென்கிழக்கு லூசியானாவில் பல இடங்களில் பெட்டிகள் இடம்பெயர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆழமாகப் புதைத்தவை அல்ல. பாதி தரைக்குள்ளும் பாதி மேலேயும் இருக்கும் கான்கிரீட் தொட்டிகள்தான் அதிகம் பெயர்ந்தன; உள்ளே காற்று அடைந்திருப்பதால் வெள்ளம் ஏறியதும் படகு போல எழும்பிவிடும். காற்றுப் புகாமல் மூடியது என்பதே அங்கே வினையாகிவிட்டது. உங்கள் மண்டபம் கனமான ஒரே கட்டடமாக மேட்டில் நின்றால் அந்தக் கவலை குறைவு. ஹூஸ்டன் வெள்ளங்களின்போது அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

காரைப்பூச்சு

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுண்ணாம்புக் காரையால் பழுது பார்ப்பது என் தொழில். மேலே சொன்ன நியூ ஆர்லியன்ஸ் கல்லறைகள் அழிவதற்கும் எங்கள் ஊர் வீடுகள் அழிவதற்கும் காரணம் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன்.

அந்தக் காலத்துச் செங்கல் குறைந்த சூட்டில் வெந்தது, மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சும். அதைச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பால் பூசி, ஆண்டுதோறும் வெள்ளையடித்தால், உறிஞ்சிய ஈரம் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடும் என்று எங்கள் கொத்தனார்கள் சொல்வார்கள். விரிசல் கண்ட இடத்தில் நல்லது செய்வதாக எண்ணி யாராவது சிமெண்டைப் பூசிவிட்டால், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும். சிமெண்டைத் தட்டினால் பானை போல வெற்றோசை கேட்கும். பெயர்த்து எடுக்கும்போது செங்கலின் முகமும் அதோடு சேர்ந்து வந்துவிடும். குடும்பக் கல்லறையைப் பராமரிக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கல்லறைத் திருநாளுக்கு முன் வாளியும் மட்டையுமாகப் போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அதே வேலையை நியூ ஆர்லியன்ஸ் குடும்பங்கள் நவம்பர் 1ஆம் தேதி அனைத்துப் புனிதர் திருநாளுக்காகச் செய்துவந்தார்கள். அதைப் பக்தி வழக்கம் என்றுதான் பார்க்கிறோம். கட்டடத்தின் ஆயுளும் அதில்தான் இருந்தது. வெள்ளையடிக்க வரும் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன கல்லறைதான் முதலில் இடிகிறது.

மிசிசிப்பிக்கரை

முற்றிலும் உண்மை. 1822இல் புராட்டஸ்டண்டுகளுக்காகத் தொடங்கிய ஜிரோட் தெருக் கல்லறைத் தோட்டம் அப்படியே சிதைந்தது. கவனிக்க ஆளின்றிச் சுவர்கள் விழுந்து, மரம் முளைத்து, 1957இல் அதன் புனித நிலையையே நீக்கி, எஞ்சியவர்களை வேறு இடங்களுக்கு மாற்றி, நிலத்தை நகரம் எடுத்துக்கொண்டது. கல்லில் வெட்டிய பெயர்களுக்கே அந்தக் கதி. 1974இல் இரண்டாம் செயின்ட் லூயிஸ் தோட்டத்தின் சுவர் மாடங்களை இடிக்கப் போகிறார்கள் என்றபோதுதான் பொதுமக்கள் திரண்டு, கல்லறைகளைக் காக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள்.

வடலி

நான் டொரொண்டோவில் வசிக்கிறேன்; ஊர் யாழ்ப்பாணம். கல்லறைத் தோட்டத்தை நாங்கள் சேமக்காலை என்போம். என் கணவரை நான்கு வருடங்களுக்கு முன்னர் இப்படியான ஒரு மண்டபத்தில்தான் வைத்தோம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், தம்பிக்குப் பயன்படும்.

அவசரத்தில் வாங்கினோம். விலை வரிசைக்கு வரிசை மாறும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நெஞ்சு மட்டத்திலும் கண் மட்டத்திலும் இருப்பவைதான் விலை கூடியவை. உயரே போகப் போகக் குறையும். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஆறாவது வரிசையை எடுத்தோம். இப்போது பெயரைக்கூடக் கழுத்தை நிமிர்த்தித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. தொடுவதற்கு வழியில்லை. கல்லில் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும் என்பதை அன்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது கோடையில் கீழ் வரிசை ஒன்றின் ஓரத்தில் கசிவுக் கறையும் சிறு ஈக்களும் கண்டோம். நிர்வாகத்திடம் நான்கு முறை எழுதிய பிறகே வந்து சரி செய்தார்கள். அப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் இது. ரப்பர் பட்டி வைத்து இறுக மூடும் சவப்பெட்டி, மண்டபத்துக்கு உகந்தது என்று விற்கிறார்கள். ஆனால் காற்று இல்லாவிட்டாலும் உடல் அழியும். வாயு சேர்ந்து அழுத்தம் ஏறி, பெட்டியே பிளந்துவிடுவதும் உண்டு. நன்றாகக் கட்டிய மண்டபத்தில் ஒவ்வொரு மாடத்தின் தளமும் பின்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். பின்னால் நீர் வடிய ஒரு துளையும், காற்றை மேலே கொண்டுபோக ஒரு குழாயும் இருக்கும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைப்பார்கள். முகப்பில் கருங்கல்லுக்குப் பின்னால் இன்னொரு பலகையை ஒட்டி இறுக்குவார்கள். முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் மூச்சு விடவும் வேண்டும். தம்பி, வெறுமையான மாடம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நெய்தல்

எல்லோரும் மாடத்தைப் பற்றியே பேசுவதால், மண்ணுக்காகவும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும்போது, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடற்கரையில் எங்கள் முன்னோர் எல்லோரும் மணலுக்குள்தான் உறங்குகிறார்கள். கான்கிரீட் பெட்டிக்குள் பணத்தைக் கொட்டி மண்ணிடமிருந்து உடலைப் பிரித்து வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா பயப்படுவது மண்ணுக்கா, அந்த அடைமழைத் தண்ணீருக்கா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டும்தான் என்றால், ஜல்லி பரப்பி நீர் வடியும் குழாய் இட்டு, முன்கூட்டியே கான்கிரீட் அறைகளை இறக்கி, மேலே புல் வளர்க்கும் நிலத்தடி மாடங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன. செலவும் பெரும்பாலும் குறைவு. அம்மாவுக்கு மலர் வைக்கத் தரையில் ஓர் இடமும் இருக்கும்.

வடலி

நெய்தலின் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 19 வயதில் கண்டதை 81 வயதிலும் சுமக்கிற மனிதருக்கு, ஜல்லியையும் குழாயையும் விளக்கி ஆறுதல் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கணக்கேடு

டெக்சஸில் கணக்காளராக இருக்கிறேன். சட்டமும் பணமும் தொடர்பானவற்றை மட்டும் சொல்கிறேன். 1984 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி இறுதிச்சடங்கு விதியின்படி, சடங்கு நிறுவனம் பொருள்வாரியான விலைப்பட்டியலை எழுத்தில் தர வேண்டும். வெளியே வாங்கிய பெட்டியை மறுக்கவோ அதற்குக் கட்டணம் கேட்கவோ கூடாது. பெட்டியோ பதப்படுத்தலோ உடலை நெடுங்காலம் அழியாமல் காக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது. உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இடத்தை மட்டும் விற்கும் கல்லறைத் தோட்டம் இந்த விதிக்குள் வராது. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மாடத்தின் விலையோடு முடியாது. திறந்து மூடும் கூலி, பெயர் வெட்டும் கூலி, பெட்டியின் அடித்தட்டு ஆகியவை தனித்தனியாக வரும். பெற்றோர் இருவருக்கும் என்றால் பக்கத்துப் பக்கத்து மாடமா, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டி வைக்கும் நீள மாடமா என்று கேளுங்கள். நீள மாடத்தில் முகப்புக் கல் ஒன்றுதான். டெக்சஸில் நிரந்தரப் பராமரிப்பு உறுதி தரும் தோட்டங்களை மாநில வங்கித் துறை கண்காணிக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பகுதியை அறக்கட்டளை நிதியில் போட வேண்டும். அந்தத் தோட்டம் உரிமம் பெற்றதா என்பதை அந்தத் துறையிடமே கேட்கலாம். ஜிரோட் தெருவில் நடந்தது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் நடக்காமல் இருக்க, அந்த நிதி ஒன்றுதான் பிடிமானம்.

ஹூஸ்டன்வாசி

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நெய்தல் தம்பி சொன்னபடி அப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "தண்ணீருக்குத்தான். ஆனாலும் குழி என்று ஒன்று வேண்டாம்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நேற்று அப்பா, அம்மா இருவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு தோட்டங்களுக்குப் போனோம். முதலில் பார்த்த இடத்தில் வெற்று மாடத்தைத் திறந்து காட்ட முடியாது என்றார்கள். வடிகால் எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று தேவையில்லை என்றார் அதே விற்பனையாளர். அதோடு திரும்பிவிட்டோம். இரண்டாவது, மறைமாவட்டத்தின் தோட்டம். மேற்பார்வையாளர் ஒருவர் ஏணியும் திருப்புளியும் கொண்டுவந்து, கேட்டதும் முகப்புக் கல்லைக் கழற்றினார். கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது பின்சுவரின் அடியில் துளையும் மேலே குழாயும் தெரிந்தன. தளம் சரிந்திருக்கிறதா என்று பார்க்க அவரே ஒரு பேனாவை உள்ளே வைத்தார். அது மெதுவாகப் பின்பக்கம் உருண்டது. 2017 வெள்ளத்தில் தண்ணீர் படிக்கட்டு வரை வந்தது, உள்ளே ஏறவில்லை என்று எதிரே பூக்கடை வைத்திருக்கும் பெண்மணியும் சொன்னார்.

அப்பா உள்ளே கையை நீட்டி, கான்கிரீட் தளத்தைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். தூசிதான் இருந்தது. பக்கத்துப் பக்கத்து மாடங்களாக, கண் மட்டத்தில் ஒரு சோடியும் கீழிருந்து இரண்டாம் வரிசையில் ஒரு சோடியும் காலியாக இருக்கின்றன. அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடியே இரண்டாம் வரிசைக் கல்லைத் தொட்டுப் பார்த்து, இது எட்டுகிறது என்றார். ஒப்பந்த நகலை வாங்கி வந்திருக்கிறேன். கணக்கேடு ஐயா சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறோம்.